செருப்போடு பாடிய பாட்டு

ஆயர் தாவார்
3 ஜூன் 2024

மகேந்திரன் மச்சானுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் ஆல்பத்தைக் கேட்ட நாங்கள்தான் நலமில்லாமல் இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். அங்கே நான் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். போனில் பேசினால் என்னைப் பேசவிடமாட்டாய், அத்தையிடமிருந்து வந்த குணம் அது. காகிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாய்? "வருது, வருது, நம்ம ஆல்பம் வருது" என்று நீ சொல்லிச் சொல்லியே ஏழாங்கட்டைத் தோட்டத்து ஜனம் முழுக்கக் காத்துக்கிடந்தது. தோட்டத்தை விற்று, லயன் வீடுகளை இடித்து, ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவை ஆடித் திருவிழாவில்தான் நாம் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். அந்தத் திருவிழாப் பாட்டை உலகமே கேட்கும் என்றாய். நானும் நம்பினேன். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, மீன் வாங்க வந்தவர், மாவு வாங்க வந்தவர் எல்லாரிடமும் என் பாட்டு வருகிறது என்று சொல்லி வைத்தேன். இப்போது அவர்கள் பார்சலை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள். பாவம், என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

முதலில் தலைப்பு. 'ஏழாங்கட்டைப் புயல்' என்று வைத்திருக்கிறாய். ஏழாங்கட்டையில் எந்தக் காலத்தில் புயல் அடித்தது? அட்டையில் இருக்கும் பெண் யார்? என் மூக்குத்தி இருக்கிறது, என் சேலை இருக்கிறது, முகத்தை மட்டும் எங்கிருந்து கொண்டுவந்தாய்? போகட்டும், முகத்தை விடு. என் குரலுக்கு ஏன் இஸ்திரி போட்டாய்? ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மூச்சு இல்லை. தம்பி தேவன் தோள்பட்டை வீங்க அடித்த உறுமி, உன் கீபோர்டுக்குக் கீழே எங்கேயோ புதைந்து கிடக்கிறது. போதாததற்கு ரூபன் என்று ஒரு பையன் ஊடே ஊடே வந்து "யோ, யோ" என்று கத்துகிறான். காளியம்மனுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

இதெல்லாம் என் ரசனைக் குறைவு என்று நீ சொல்லலாம். ஆனால் ஒன்பதாவது பாட்டுக்கு நீ பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அழைப்புப் பாட்டை ஸ்டூடியோவில் பாடமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அது சாமியை வரச்சொல்லும் பாட்டு. கோயிலில் அதைப் பாடினால் முத்தம்மா அக்கா மேல் அம்மா இறங்குவாள். இறங்கியவளை மலையேற்றுகிற பாட்டையும் பாடி, நல்லபடியாக அனுப்பிவைத்துவிட்டுத்தான் பாடினவள் கோயிலை விட்டு நகரவேண்டும். அழைத்தவளேதான் அனுப்பவும் வேண்டும். உனக்குத் தெரியாததா? நீ கெஞ்சினாய். கடைசியில், நாம் ஒத்திகைக்குப் பாடுகிற மாதிரி, காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பாடித் தந்தேன். செருப்பு இருந்தால் அது அழைப்பு இல்லை, வெறும் பாட்டு. அந்த எண்ணத்தோடுதான் வீட்டுக்கு நிம்மதியாகப் போனேன்.

ஆல்பத்தில் இருப்பது செருப்போடு பாடிய குரல் இல்லை, மச்சான். இரண்டாவது அடி முடிகிற இடத்தில் தூரத்தில் ஒரு ஹார்ன் கேட்கிறது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு கோயில் வளைவில் திரும்புகிற லோரியின் ஹார்ன் அது. ஈப்போவில் மாடியில் இருக்கும் உன் ஸ்டூடியோவுக்கு அந்த லோரி எப்படி வந்தது?

பதில் வேண்டும். கட்டைவிரல் வேண்டாம்.

நவமணி

*

ஈப்போ
11 ஜூன் 2024

நவமணிக்கு,

படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். உனக்கு எழுதப் பேனாவே இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உனக்கு முன்னாலேயே திட்டுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஞாயிறு பத்திரிகையில் ஒருவர் எழுதியிருக்கிறார், 'எதிர்பார்ப்பை இவ்வளவு தூரம் ஏற்றிவிட்டிருக்கவேண்டாம்' என்று. நானா ஏற்றிவிட்டேன்? கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் கட்டப் போனால் கட்டவிடாமல் பிடித்துக்கொண்டு "எப்ப வருது, எப்ப வருது" என்று கேட்டவர்கள் எல்லாம் யார்? வெளியீட்டு விழாவுக்கு அவர்களில் பாதிப்பேர் வரவில்லை. மழையாம். மழை பெய்தால் நாசி லெமாக் சோறு வாங்கப் போகமாட்டார்களா?

கீழே ரொட்டிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம் பாய் ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்டு வாங்கிப் போட்டார். காலையில் போட்டார், மத்தியானம் மறுபடி ரேடியோவுக்கு மாற்றிவிட்டார். ஏன் பாய் என்றேன். "கோவிச்சுக்காத மகேந்திரா. மத்ததெல்லாம் கேஸ் போன சோடா மாதிரி இருக்கு. அந்த ஒம்போதாவது பாட்டு இருக்கே, அது வந்தப்ப மட்டும் ரொட்டி போடுற ஆளு கைய நிறுத்திட்டான்லா" என்றார்.

அதனால் உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம். போன ஆடியில் கோயிலில் நீ பாடியபோது நான் பதிவு செய்ததுதான் அது. ஸ்டூடியோவில் நீ பாடியதை நான் போடவில்லை. ஏன் தெரியுமா? அதில் பாட்டே இல்லை. கல்லாவில் உட்கார்ந்து கோழி, முட்டை, மிளகாய்த்தூள் என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிற மாதிரி பாடினாய். சுருதி சரி, தாளம் சரி, உள்ளே ஆளைக் காணோம். செருப்பு போட்டுக்கொண்டு வந்து பாடியது நீ. ஆல்பம் செத்துப்போனால் பழி மட்டும் எனக்கா?

மற்ற பாட்டுகளும் அப்படித்தான். பயந்து பயந்து பாடினாய். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கீபோர்டைப் போட்டேன், ரூபனைக் கூப்பிட்டேன், இஸ்திரியும் போட்டேன். கந்தல் துணிக்கு வேறு என்ன செய்வார்கள்?

மலையேற்றுகிற பாட்டை ஏன் சேர்க்கவில்லை என்று அடுத்து கேட்பாய். அதுவும் என்னிடம் இருக்கிறது. ரொம்ப மெதுவாகப் போகிறது. உறுமி இல்லை, மணி மட்டும்தான். நடுவில் ஜனங்கள் விசும்புகிற சத்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். அதனால் அழைப்புப் பாட்டை மெல்ல மங்கவிட்டு முடித்து, அதற்கு அடுத்ததாக ரூபன் பாட்டை வைத்தேன். இது ஆல்பம், நவமணி. கோயில் இல்லை.

நான் ஒன்றும் திருடவில்லை. உன் குரலைத்தான் உன் பெயரில் போட்டிருக்கிறேன்.

மகேந்திரன்

*

ஆயர் தாவார்
20 ஜூன் 2024

மச்சான்,

கந்தல் துணி என்று எழுதியிருக்கிறாய். அதை நான் மறக்கமாட்டேன். உன் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் நின்று எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிக் காட்டுவேன். தயாராக இரு.

என் குரலை என் பெயரில் போட்டாயாம். என் சேலையை என்னைக் கேட்காமல் கொடியிலிருந்து எடுத்துக் கடை வாசலில் தொங்கவிட்டு, பக்கத்தில் நவமணி சேலை என்று எழுதி வைத்தால் சரியாகிவிடுமா? வெறுங்காலோடு நான் அம்மாவைக் கூப்பிட்டது அந்த வளாகத்துக்குள். அதை நீ பெண்டிரைவில் ஏற்றி ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாய். யார் வீட்டில், ரோட்டில் ஓடுகிற எந்தக் காடியில், எந்த முடிவெட்டும் கடையில் அது பாடிக்கொண்டிருக்கிறதோ, எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்தது அதற்காகக்கூட இல்லை. நேற்று மாயாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். கோயில் தலைவர் ஆனதிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருக்கிறாரே, அதே மாதிரி வந்தார். கூடையில் சார்டின் டின்னை அடுக்கிக்கொண்டு என் வரிசையில் நின்றார். இந்த வருஷம் ஆடிக் கடைசி ஞாயிறு திருவிழா, ஒத்திகை எப்போது என்று நான்தான் கேட்டேன்.

"ஒத்திகையெல்லாம் வேணாம் தங்கச்சி. மகேந்திரன் குடுத்த பெண்டிரைவு இருக்குல்ல, அதப் போட்டுக்கிறோம்."

"எதப் போட்டுக்கிறீங்க?"

"அழைப்புப் பாட்டத்தான். ஒன் கொரல்தானேலா அது! நீ நேர்ல பாடுனா மூச்சு வாங்குது, எடையில தண்ணி கேக்குற. இது நிக்காது. சத்தமும் நல்லா வருது, மெயின் ரோட்டு வரைக்கும் கேக்கும். நீ வா, சாமி கும்புடு, சாப்புடு, ரெஸ்ட் எடு."

நான் அவர் சார்டின் டின்களைக் கல்லாவில் தட்டிக் கொடுத்தேன். மீதிச் சில்லறையையும் கொடுத்தேன். அவர் கதவைத் தாண்டிய பிறகு, அடுத்து நின்றவருக்கு ஒரே பால் டின்னை இரண்டு தடவை தட்டிவிட்டேன்.

புரிகிறதா, நீ செய்த காரியம்? பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அந்தக் கோயிலில் நான்தான் பாடுகிறேன். எனக்கு வேறு என்ன இருக்கிறது? படிப்பு இல்லை, பட்டம் இல்லை. வருஷம் முழுக்க அடுத்தவர் வாங்கிய சாமானைத் தட்டிக் கொடுக்கிறவள், அந்த ஒரு நாள்தான் நான் நானாக நிற்பேன். யாருமே கேட்காத ஒரு ஆல்பம், அது செய்த ஒரே வேலை என்னை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டதுதான். என் குரல் இருக்கிறதாம், அதனால் நான் வேண்டாமாம்.

அந்தப் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடு. மாயாண்டி அண்ணனிடம் போய் அந்தப் பெண்டிரைவையும் வாங்கு. நான் கேட்பது இவ்வளவுதான்.

நவமணி

*

ஈப்போ
1 ஜூலை 2024

நவமணிக்கு,

எடுக்கமாட்டேன்.

கோபப்படாமல் கேள். நீ கோபப்படுவாய், தெரியும், இருந்தாலும் கேள். இந்த ஆல்பத்தில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். ஒரு வகுப்பே பெயிலாகி ஒரே ஒரு பிள்ளை பாஸாகியிருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொல்கிறாய். யூடியூப்பில் அதற்குக் கீழே பாரிட் புந்தாரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார், எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான் பாடுவார்கள் என்று. மற்ற பாட்டுகளுக்குக் கீழே ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ரூபனின் அம்மா மட்டும் இதயப் படம் போட்டிருக்கிறார்.

நான் இதற்காக என்ன பாடுபட்டேன் என்று நீ ஒரு வரி எழுதவில்லை. பகலெல்லாம் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் தூக்குகிறேன், மிச்ச நேரமெல்லாம் அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து உங்கள் பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சீவினேன். கட்டிய மனைவி, குமுதாவே என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தோட்டத்து ஆள் ஒருத்தன் ஏதோ செய்து பார்த்தான், சரியாக வரவில்லை, போகட்டும் என்று சொல்ல இந்தப் பேராக் மாநிலம் முழுக்க ஒரு வாய் இல்லை. எல்லாருக்கும் எதிர்பார்ப்பு மட்டும் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். மாயாண்டி அண்ணன் உன்னை வேண்டாம் என்றார், நீ என்ன செய்தாய்? டின்னைத் தட்டிக் கொடுத்தாய், சில்லறை எண்ணிக் கொடுத்தாய். பிறகு வீட்டுக்கு வந்து எனக்குக் கடிதம் எழுதுகிறாய். அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை என்னிடம் ஏன் கேட்கிறாய்? நான் அத்தை மகன், திட்டினால் வாங்கிக்கொள்வேன் என்பதாலா?

திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவேன். குமுதாவும் வருகிறாள்.

மகேந்திரன்

*

ஆயர் தாவார்
15 ஜூலை 2024

மச்சான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக மாயாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். நீ எழுதியது உறைத்தது. அதற்காக உனக்கு நன்றி சொல்லமாட்டேன்.

கமிட்டி ஆட்கள் எல்லாரும் அங்கேதான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றே கேட்டேன். "அழைக்கிறதுக்குப் பாட்டு வச்சிருக்கீங்க. மலையேத்துறதுக்கு யாரு இருக்கா? பெண்டிரைவுல அது இல்ல அண்ணே. முத்தம்மா அக்கா மேல அம்மா வந்து நின்னா என்னா செய்வீங்க?"

"அம்மாவுக்குப் போவத் தெரியாதா? வரத் தெரிஞ்சவளுக்குப் போவத் தெரியும்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மாயாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. அவர் சொன்னது அதைவிட மோசம். "தங்கச்சி, நீ ஒனக்காகப் பேசுறியா, சாமிக்காகப் பேசுறியா?"

இரண்டுக்காகவும்தான் பேசினேன். இரண்டுக்காகவும் பேசினால் என்ன தப்பு? பாடுகிறவள் தனக்காகவும் பாடக்கூடாது என்று எந்தச் சாமி சொன்னது? இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அங்கே நின்றபோது அழுதுவிடக்கூடாது என்பதில்தான் இருந்தேன்.

முடிவு மாறவில்லை. திருவிழாவுக்கு வருவேன். செருப்பைக் கழற்றாமல் வேலிக்கு வெளியே நிற்பேன். அம்மா இறங்கினால், அனுப்பிவைக்கிற வேலையை உன் ஸ்பீக்கரிடம் சொல்லிக்கொள்.

நவமணி

*

ஈப்போ
14 ஆகஸ்ட் 2024

நவமணி,

நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ வேலிக்கு அந்தப் பக்கம், நான் ஆம்பிளிஃபயர் மேசைக்குப் பின்னால். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பால்குடம் உள்ளே வந்ததும் மாயாண்டி அண்ணன் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பெண்டிரைவைச் செருகினார். பட்டனை அவர் கையால் அழுத்தவேண்டுமாம். பாட்டு ஆரம்பித்தது. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே, அந்தத் திறந்தவெளியில் அது பிரமாதமாகக் கேட்டது. பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டு வந்து இங்கே நிறுத்தவேண்டும் என்று நினைத்தேன். லோரி ஹார்ன் வந்த இடத்தில் முத்தம்மா அக்காவுக்கு உடம்பு உதறியது. குலவை போட்டார்கள். எல்லாம் வழக்கப்படி நடப்பதாகத்தான் இருந்தது.

பிறகு பாட்டு மங்க ஆரம்பித்தது. அப்படி மங்கவிட்டது நான். எத்தனையோ நாள் உட்கார்ந்து, அழகாக, காற்றில் கரைகிற மாதிரி செய்தேன். அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார், குரல் அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. அவர் அதைத் தேடி ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். உடனே பத்தாவது பாட்டு தானாக வந்துவிட்டது. ரூபன் "யோ" என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

மாயாண்டி அண்ணனுக்கு வியர்த்துக்கொட்டியது. அடுத்து அவர் செய்ததைத்தான் நீ பார்த்திருக்கமாட்டாய். "மறுவடி போடு, மறுவடி போடு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போகிற பட்டனை அழுத்திவிட்டார். அழைப்புப் பாட்டு முதலிலிருந்து வந்தது. ஏற்கெனவே வந்து நிற்கிறவளை மறுபடியும் வா வா என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் ஆட ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி குமுதா.

குமுதா, நவமணி. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கோயிலில் கொஞ்ச நேரம் நின்றால் கால் வலிக்கிறது, காடியில் போய் உட்காருகிறேன் என்பவள். கூந்தல் அவிழ்ந்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். அது என்னைத் தெரிந்தவள் பார்க்கிற பார்வை இல்லை. "குமுதா" என்றேன். திரும்பவும் "குமுதா" என்றேன்.

மலையேற்றுகிற பாட்டை லேப்டாப்பில் தேடினேன். அது இல்லை. ஈப்போவில், ஸ்டூடியோவில், வேண்டாததைப் போட்டுவைக்கிற இடத்தில் கிடக்கிறது. நான்தான் அங்கே போட்டேன்.

ஒயரைப் பிடுங்கியது நான்தான். நீ கரண்ட் போய்விட்டது என்று நினைத்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க அந்த ஒயர் கழன்றுவிடக்கூடாதே என்று டேப் ஒட்டி ஒட்டி வைத்தவன், வேரோடு பிடுங்குகிற மாதிரி பிடுங்கினேன்.

அந்த அமைதியில் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உன் செருப்பு ஜோடியாக அங்கே கிடந்தது. நீ அதற்குள் உள்ளே வந்துவிட்டாய்.

மைக் இல்லை, உறுமி இல்லை. பூசாரி மணியை மட்டும் எடுத்தார். நீ முத்தம்மா அக்காவிடம் போகவில்லை, முதலில் குமுதாவிடம் வந்தாய். அவள் காதுக்குப் பக்கத்தில் நின்று "வந்த பாதை குளிர்ந்திருக்கு, போற பாதை வெளிச்சமிருக்கு" என்று ஆரம்பித்தாய். உன் குரல் உடைந்தது, மூச்சு வாங்கியது, ஒரு இடத்தில் இருமினாய். அதை ஸ்டூடியோவில் பாடியிருந்தால் நான் திரும்பப் பாடு என்றிருப்பேன். குமுதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, தண்ணி" என்றாள்.

அழைப்புப் பாட்டை அன்றைக்கே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். காடியில் உட்கார்ந்தபடியே எடுத்தேன். இப்போது யூடியூப்பில் என்னைத் திட்டுகிறார்கள், இருந்த ஒரே நல்ல பாட்டையும் எடுத்துவிட்டாயே என்று.

ஒன்று மிச்சம் இருக்கிறது. சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காலையிலேயே போனில் பதிவை ஓடவிட்டிருந்தேன். நிறுத்த மறந்துவிட்டேன். நீ பாடியது முழுக்க அதில் இருக்கிறது. இதுவரை நீ பாடியதில் இதுதான் உச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், மெதுவாகத்தான் போகிறது, ஆனாலும் ஒருத்தரும் அடுத்த பாட்டுக்குத் தாவமாட்டார்கள். இந்த ஒரு பாட்டு வெளிவந்தால் அந்த ஆல்பத்துக்குப் பட்ட அவமானம் எல்லாம் போய்விடும், உனக்கும் எனக்கும். ஆனால் இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன். என்ன செய்யட்டும், சொல்.

மகேந்திரன்

*

ஆயர் தாவார்
22 ஆகஸ்ட் 2024

மச்சான்,

குமுதா எப்படி இருக்கிறாள்? முதல் தடவை வந்தால் ஒரு வாரம் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும். வெந்நீரில் குளிக்கச் சொல். அவளைப் பயமுறுத்துகிற மாதிரி நீ எதையாவது பேசிக்கொண்டிருக்காதே.

உன் ஆல்பம் நன்றாக இல்லை. அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். இருந்த ஒரு நல்ல பாட்டையும் எடுத்துவிட்டாய், இனி அது முழுசாகவே மோசம், பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் நான் செருப்போடு பாடினேன் என்று நீ எழுதியதும் சரிதான். ஒன்பதாவது மட்டும் இல்லை, எல்லாப் பாட்டையும் செருப்போடுதான் பாடினேன். கழற்றப் பயமாக இருந்தது. அந்த அறையில் எனக்கு எதிரே ஒரு கண்ணாடியும் நீயும்தான் இருந்தீர்கள். யாரைப் பார்த்துப் பாடுவது?

மாயாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அடுத்த வருசம் நீயே பாடிருலா, தங்கச்சி. நல்ல மைக்கா வாங்கித் தர்றோம்" என்றார். நான் விடவில்லை. எனக்காகப் பேசினேனா, சாமிக்காகப் பேசினேனா என்று இப்போது சொல்லுங்கள் அண்ணே என்றேன். அவர் ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். பழம் நன்றாக இருந்தது. மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூச்சு வாங்கினால் வாங்கட்டும், இடையில் தண்ணீர் கேட்டால் கொடுக்கட்டும்.

இப்போது உன் கேள்வி. அந்தப் பாட்டு குமுதாவுக்குப் பாடியது. முத்தம்மா அக்காவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் பாடியது. வேண்டுமானால் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற உனக்கும் சேர்த்துப் பாடியது. அவர்கள் எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி அதை யாருக்குப் போட்டுக் காட்டப்போகிறாய்? ஈப்போவில் ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களை எங்கே அனுப்பப் பார்க்கிறாய்?

ஆல்பத்துக்குப் பட்ட அவமானம் போகாது. கிடக்கட்டும். இன்னொரு ஆல்பம் செய், என்னைக் கூப்பிடாதே, திட்ட மட்டும் வருகிறேன்.

அதை அழித்துவிடு. அழிக்கும் முன்னால் ஒரு தடவை குமுதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கேள். திரும்பக் கேட்கவேண்டும் என்று தோன்றினால் அடுத்த ஆடிக்கு வா. ஸ்பீக்கர் வேண்டாம், வெறுங்கையோடு வா. நான் பாடுவேன்.

நவமணி